நத்தார் விருந்தும் பூட்டிய அறையும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்து ஆங்கில நத்தார் கொலைக் கதைகளைப் பற்றி, அவற்றைப் படித்தால் மனம் ஆறுகிறது என்று போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்குத்தான் இந்த முறை அதிகக் கடிதங்கள். ஆகவே முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். எந்தக் கதையிலும் கொலையாளி யார் என்று சொல்ல மாட்டேன், பயப்படாமல் படியுங்கள்.

நத்தார் என்றால் பாலன் பிறப்பு, சமாதானம், மன்னிப்பு. அந்த நாளில் வீட்டுக்குள் ஒரு பிணத்தைக் கிடத்திக் கதை எழுத இவர்களுக்கு எப்படி மனம் வந்தது என்று என் அம்மா கேட்கிறார். நானோ ஒவ்வொரு மார்கழியிலும் அப்படி ஒன்றாவது படிக்காமல் விடுவதில்லை. அம்மாவுக்கு என்ன சொல்வது?
— வாசகி, பாலையூற்று

அம்மாவிடம் திருப்பி ஒன்று கேளுங்கள். முகம் கொடுத்துப் பேசாத அண்ணன் தம்பிகள், சீதனக் கணக்கை இன்னும் மறக்காத மருமகள், வெளிநாட்டிலிருந்து எப்போதாவது வரும் பெரியவன், எல்லாருக்கும் மேலே சொத்தைக் கையில் வைத்திருக்கும் ஒரு கிழவர், இவ்வளவு பேரும் ஒரே கூரையின் கீழ் இரண்டு மூன்று நாள் தங்க வேண்டும் என்றால் வருடத்தில் வேறு எந்த நாள் இருக்கிறது? கலியாண வீட்டில் கூட்டம் அதிகம், செத்த வீட்டில் யாரும் அதிக நேரம் இருப்பதில்லை. நத்தாருக்குத்தான் வர விருப்பம் இல்லாதவனும் வந்தாக வேண்டும், வந்தவன் சிரித்தாக வேண்டும். எழுத்தாளருக்கு வேண்டியது அந்தச் சிரிப்புதான், அதற்குப் பின்னால் எதையும் ஒளித்து வைக்கலாம்.

அகதா கிறிஸ்டி 1938இல் எழுதிய 'ஹெர்குல் புவாரோஸ் கிறிஸ்மஸ்' நாவலில் ஒரு இடம் வரும். தென்னாபிரிக்க வைரத்தில் பணம் சேர்த்த சிமியோன் லீ என்ற கிழவர், பல வருடமாகப் பிரிந்திருந்த பிள்ளைகளையும் சேர்த்து எல்லாரையும் நத்தாருக்கு வீட்டுக்கு அழைக்கிறார். வந்தவர்களைத் தன் அறைக்குக் கூப்பிடுகிறார். அவர்கள் உள்ளே வரும்போது அவர் தொலைபேசியில் சட்டத்தரணியோடு பேசிக்கொண்டிருக்கிறார், மரண சாசனத்தை மாற்ற வேண்டும் என்று. தற்செயலாகக் காதில் விழுந்தது இல்லை, அவர்கள் கேட்க வேண்டும் என்றே அந்த நேரத்தில் பேசுகிறார். அன்றிரவு மேல்மாடியில் தளபாடங்கள் உருளும் சத்தம், ஒரு கோரமான அலறல், உள்ளே பூட்டிய கதவு. உடைத்துப் பார்த்தால் கழுத்து அறுபட்டுக் கிடக்கிறார் கிழவர். ஒரு தொலைபேசிப் பேச்சு மட்டும் போதும், அந்த வீட்டில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் வந்துவிட்டது. (பொதுவாக இந்தக் கதைகளில் ரத்தம் குறைவு. இதில் மட்டும் ஏன் இவ்வளவு என்றால், கிறிஸ்டியின் அக்காவின் கணவர், உன் கொலைகள் வரவர மிக நாசூக்காகிவிட்டன என்று குறைப்பட்டாராம். நூலை அவருக்கே காணிக்கையாக்கினார்.)

இன்னொன்றும் இருக்கிறது. இங்கிலாந்தில் நத்தார் இரவில் கணப்பு அடுப்பைச் சுற்றியிருந்து பேய்க் கதை சொல்வது பழைய வழக்கம். சார்லஸ் டிக்கன்ஸ் 1843இல் எழுதிய நத்தார் கதையிலேயே ஆவிகள்தானே நடமாடுகின்றன. பிறகு பத்திரிகைகள் நத்தார் சிறப்பிதழ் போடத் தொடங்கின, அதில் ஒரு மர்மக் கதை இல்லாவிட்டால் வாசகர் விடமாட்டார்கள். புத்தகத்தை நத்தார் பரிசாகக் கொடுக்கும் பழக்கமும் சேர்ந்தது. கிறிஸ்டியின் பதிப்பாளர்கள் பிற்காலத்தில் 'நத்தாருக்கு ஒரு கிறிஸ்டி' என்றே விளம்பரம் செய்து விற்றார்கள். உங்கள் அம்மா தேவாலயத்தில் கேட்கும் சமாதானமும் இந்தக் கதைகளும் பகை இல்லை. சமாதானம் குலைந்த ஒரு வீட்டை எடுத்து, எங்கே குலைந்தது என்று தேடுகிற வேலையைத்தான் கதை செய்கிறது.

இந்த வகைக் கதைகள் ஏன் எப்போதும் 1920கள், 1930களிலேயே நடக்கின்றன? இப்போது எழுதுகிறவர்கள்கூட அந்தக் காலத்துக்கே போகிறார்களே.
— ஆசிரியர் ஒருவர், உவர்மலை

அந்தக் காலத்தில்தான் கொலையாளிக்கும் துப்பறிகிறவருக்கும் சரிசமமான ஆட்டம் நடந்தது. லண்டன் பொலிசின் ஸ்கொட்லண்ட் யார்டில் கைரேகைப் பிரிவு 1901இலேயே வந்துவிட்டது, ஆகவே கையுறை போடாத கொலைகாரன் முட்டாள். ஆனால் மரபணுச் சோதனை இல்லை, கமரா இல்லை, யார் எங்கே நின்றார் என்று காட்டிக்கொடுக்கும் கைபேசி இல்லை. மிஞ்சுவது மனிதர்களின் பேச்சு மட்டும்தான். யார் எத்தனை மணிக்கு எந்தப் படியில் இறங்கினார், மணி அடித்ததைக் கேட்டது யார், தேத்தண்ணித் தட்டை யார் தூக்கிப் போனார். பொய்யைப் பேச்சிலிருந்துதான் பிடிக்க வேண்டும். வாசகரும் அதையே செய்யலாம், ஆய்வுகூடம் தேவையில்லை.

அப்புறம் பணம். முதல் உலகப் போருக்குப் பிறகு பெரிய வீடுகளுக்குச் சொந்தக்காரர்கள் திணறிப்போனார்கள். வருமான வரி ஏறியது, இறந்தவரின் சொத்தின் மேல் விழும் வரி ஏறியது, போருக்குப் போன ஆண்கள் திரும்பவில்லை, தொழிற்சாலை வேலையைக் கண்ட பெண்கள் மறுபடி சமையலறைக்கு வர விரும்பவில்லை. வெளியே பார்த்தால் மாளிகை, உள்ளே கடன். அந்த வீட்டில் பிறந்த பிள்ளைகளோ ஒரு தொழிலும் பழகாமல், கிழவர் எப்போது கண் மூடுவார் என்று இருக்கிறார்கள். இதைவிடக் கொலைக்கு வேறு என்ன காரணம் வேண்டும்?

சட்டமும் கைகொடுத்தது. இங்கிலாந்தின் 1837ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருவர் திருமணம் செய்தால் அதற்கு முன் எழுதிய மரண சாசனம் செல்லாமல் போய்விடும். சாசனத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கு அதில் எழுதிய சொத்துக் கிடைக்காது. எழுபது வயதுக் கிழவர் தாதியை இரகசியமாகக் கலியாணம் செய்தார் என்ற ஒரு செய்தி போதும், நேற்றுவரை லட்சாதிபதியாக இருந்த மூத்த மகன் இன்றைக்கு ஒன்றுமில்லாதவன். கடைசியாக, பிடிபட்டால் தூக்கு. ஆகவே கடைசி அத்தியாயத்தில் எல்லாரையும் ஒரே அறையில் இருத்திப் பெயரைச் சொல்லும்போது அது வெறும் விளையாட்டு அல்ல, ஒரு உயிர் போகப்போகிறது. இப்போது எழுதுகிறவர்கள் பலர் உடுப்பையும் காரையும் சரியாகக் கொண்டுவந்துவிட்டு இந்தப் பாரத்தை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அங்கேதான் சப்பென்று போய்விடுகிறது.

நத்தார் என்றால் இங்கிலாந்தில் கட்டாயம் பனி கொட்டுமா? எல்லாக் கதையிலும் கொட்டுகிறதே!
— மாணவி, சாம்பல்தீவு

இல்லை. தென் இங்கிலாந்தில் நத்தார் அன்று வழக்கமாக ஈரமும் சாம்பல் நிற வானமும்தான். டிக்கன்ஸின் சிறுவயதில் தொடர்ந்து கடும் குளிர் மார்கழிகள் வந்தன, அந்த நினைவு அவர் எழுத்தில் ஏறி, அங்கிருந்து வாழ்த்து அட்டைக்கும் கதைக்கும் பரவியது என்று சொல்வார்கள். நிஜமாகவே பெரிய பனிப்புயல் வந்த நத்தார் 1927. தெற்கில் கிராமங்கள் துண்டிக்கப்பட்டன. ஜெபர்சன் பார்ஜன் 1937இல் எழுதிய 'மிஸ்டரி இன் வைட்' இப்படியொரு பனியில்தான் தொடங்கும். ரயில் பனியில் சிக்கி நிற்கிறது, சில பயணிகள் பொறுமையிழந்து இறங்கி நடக்கிறார்கள், வழி தவறி ஒரு வீட்டுக்குள் நுழைகிறார்கள். உள்ளே கணப்பு எரிகிறது, கேத்தலில் தண்ணீர் கொதிக்கிறது, மேசையில் தேநீர் விருந்து பரப்பியிருக்கிறது, ஆள் ஒருவரும் இல்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் மறந்து கிடந்த இந்த நாவலை 2014இல் பிரிட்டிஷ் நூலகம் மறுபதிப்புச் செய்தது, யாரும் எதிர்பாராத அளவுக்கு விற்றது.

கொலையைப் படித்து மனம் ஆறுகிறது என்று எழுதியிருந்தீர்கள். நாங்கள் பார்த்த சாவுகளுக்குப் பிறகு எனக்கு அது விளங்கவில்லை. கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.
— வாசகி, மூதூர்

உங்கள் கேள்வியை வைத்துக்கொண்டு பல நாள் இருந்தேன் அம்மா. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இந்தக் கதைகளை முதலில் வாங்கிப் படித்தவர்கள் சாவைப் பார்க்காதவர்கள் அல்லர். 1914க்கும் 1918க்கும் இடையில் பிரிட்டன் மட்டும் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட படையினரை இழந்தது. இறந்தவர்களின் உடலை ஊருக்குக் கொண்டுவருவதை அரசாங்கம் தடுத்துவிட்டது, எங்கே விழுந்தார்களோ அங்கேயே அடக்கம். உடலே கிடைக்காதவர்கள் வேறு. பிரான்சில் தியேப்வால் என்ற இடத்தில் 1932இல் திறந்த நினைவுச்சின்னத்தில் 72,000க்கும் மேற்பட்ட பெயர்கள், அத்தனையும் கல்லறை தெரியாதவர்களின் பெயர்கள். தந்தி வந்த வீடுகள், தந்தியும் வராத வீடுகள். யார் சுட்டது, ஏன், கடைசியில் என்ன சொன்னான், ஒன்றும் தெரியாது. அதற்கு மேலே 1918இல் பரவிய இன்புளுவென்சாக் கொள்ளைக் காய்ச்சல்.

அப்படிப்பட்ட வீடுகளில் இருந்த தாய்மாரும் தங்கச்சிமாரும்தான் வாசகசாலையில் வரிசையில் நின்று இந்தப் புத்தகங்களை எடுத்தார்கள். கதையில் சாகிறவர் ஒரே ஒருவர். அவர் நல்லவராகக்கூட இருப்பதில்லை. ஆனால் அந்த ஒரு சாவுக்காக உலகமே நிற்கிறது. வீட்டில் உள்ள எல்லாரையும் இருத்தி விசாரிக்கிறார்கள், கடைசியாகச் சாப்பிட்டது என்ன, கதவு எத்தனை மணிக்குச் சாத்தியது, ஒரு பொத்தான் எங்கே விழுந்தது என்று முந்நூறு பக்கத்துக்குக் கேட்கிறார்கள். யாரும் 'போகட்டும் விடு' என்பதில்லை. கடைசியில் பெயர் சொல்லப்படுகிறது. எதற்காக என்றும் சொல்லப்படுகிறது. ஆறுதல் என்று நான் சொன்னது இதைத்தான், கொலையை அல்ல. இங்கே காணாமல் போன பிள்ளையின் படத்தைப் பிடித்துக்கொண்டு தெருவில் நிற்கிற தாய்மார் கேட்பதும் அந்த ஒரே கேள்வியைத்தான். அதற்குக் கதை மருந்து ஆகாது. ஆனால் கேள்வி கேட்கப்பட வேண்டியதுதான், பதில் என்று ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்ற பிடிவாதத்தை இந்தப் புத்தகங்கள் விட்டுக்கொடுப்பதில்லை, அதனால்தான் எனக்கு அவை மேல் இவ்வளவு பற்று.

துப்பறிகிறவர்களையும் பாருங்கள். கிறிஸ்டியின் துப்பறிவாளர் புவாரோ பெல்ஜியத்திலிருந்து போருக்குத் தப்பி வந்த அகதி, ஒரு ஆங்கிலக் கிராமத்தில் தஞ்சம் புகுந்தவர். டொரதி சேயர்ஸ் படைத்த பீட்டர் விம்சி பிரபு போர்முனை அகழியில் மண்ணுக்குள் புதைந்து மீண்டவர். பல வருடம் கழித்தும் இரவில் நடுங்குகிறார், தான் பிடித்துக்கொடுத்தவன் தூக்கில் போகும் நாளில் உடைந்துபோகிறார். விருந்தும் நத்தார் மரமும் இருக்கிற அதே பக்கத்தில் அந்தக் காயமும் இருக்கிறது. படிக்க விருப்பமில்லை என்றால் அதுவும் சரி, அம்மா. கட்டாயம் ஒன்றுமில்லை.

துப்பறியும் கதை எழுதச் சட்டம் இருக்கிறதாம், அதை எழுதியது ஒரு பாதிரியாராம். உண்மையா?
— வாசகர், திருக்கடலூர்

உண்மைதான். ரொனல்ட் நொக்ஸ், ஆங்கிலிக்கன் ஆயரின் மகன், 1917இல் கத்தோலிக்கராகி அடுத்த வருடம் குருவானார். பின்னாளில் முழு விவிலியத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் அவரே. 1929இல் துப்பறியும் கதைக்குப் 'பத்துக் கட்டளைகள்' எழுதினார். கொலையாளி கதையின் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும், பேய் பிசாசு கூடாது, இரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது, யாருக்கும் தெரியாத விஷம் கூடாது, தற்செயலாக எதுவும் துப்பறிகிறவருக்கு உதவக் கூடாது, அவர் கண்ட தடயத்தை உடனே வாசகருக்கும் காட்ட வேண்டும், முன்கூட்டிச் சொல்லாமல் இரட்டைப் பிறவிகளைக் கொண்டுவரக் கூடாது, இப்படிப் போகும். 1930இல் எழுத்தாளர்கள் சேர்ந்து 'டிடெக்ஷன் கிளப்' தொடங்கினார்கள். முதல் தலைவர் ஜி. கே. செஸ்டர்டன், அவரும் மதம் மாறிய கத்தோலிக்கர், அவருடைய துப்பறிவாளரே ஒரு குருவானவர். புதிதாகச் சேருகிறவர்கள் வாசகரை ஏமாற்ற மாட்டோம் என்று சத்தியம் செய்ய வேண்டும்.

கிறிஸ்டியே இந்தக் கட்டளைகளை விளிம்புவரை இழுத்துப் பார்த்தவர்தான். ஆனால் கடைசிக் கட்டளை போல ஒன்று எல்லாருக்கும் பொது: முடிவைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனால், விடை முதலிலிருந்தே உங்கள் கண்ணுக்கு முன்னால் இருந்திருக்க வேண்டும். அப்படித் திரும்பிப் போய்ப் பார்க்கும்போது வருகிற கூச்சமும் சந்தோஷமும் கலந்த உணர்வுக்காகவே நான் இவற்றை இரண்டாம் முறை படிப்பேன். தயவுசெய்து கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்காதீர்கள்.

இந்த வெள்ளைக்காரப் பெரிய வீட்டுக் கதைகளில் எங்களைப் போன்றவர்கள் எங்கே? இருந்தால் வேலைக்காரர், அல்லது சந்தேகத்துக்குரிய அந்நியர். இதை ரசிக்கச் சொல்கிறீர்களா?
— வாசகர், கிண்ணியா

நீங்கள் சொல்வது சரி, அதைப் பூசி மெழுக மாட்டேன். மேலே சொன்ன நொக்ஸின் கட்டளைகளில் ஒன்று 'கதையில் சீனாக்காரன் வரக் கூடாது' என்பது. மலிவு நாவல்களில் எல்லாக் கொடுமைக்கும் ஒரு சீனரைக் கொண்டுவந்து நிறுத்தும் வழக்கத்தை நிறுத்தவே எழுதினார் என்றாலும், அப்படி ஒரு கட்டளை தேவைப்பட்டதே அந்தக் காலத்தின் நிலைமையைச் சொல்கிறது. 1939இல் வந்த கிறிஸ்டியின் மிகப் பிரபலமான நாவலின் முதல் தலைப்பிலேயே கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல் இருந்தது. அமெரிக்காவில் 1940இலேயே தலைப்பை மாற்றிவிட்டார்கள், பிரிட்டனில் 1980கள் வரை அப்படியே விற்றார்கள். யூதர்களைப் பற்றி அக்காலக் கதைகளில் வரும் வரிகள் படிக்கக் கூசும்.

ஆனால் நாங்கள் அந்தக் கதைகளில் இல்லை என்பது மட்டும் சரியில்லை. கிழவரின் பணம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்: வைரச் சுரங்கம், றப்பர் பங்கு, தேயிலைத் தோட்டம், இந்தியாவில் உத்தியோகம். எங்கள் திருகோணமலைத் துறைமுகம் பிரிட்டிஷ் கடற்படையின் கிழக்கிந்தியத் தளமாக இருந்தது. சீனன்குடாவில் காட்டுக்குள் வரிசையாக நிற்கிற எண்ணெய்த் தாங்கிகள் இதே இரண்டு போர்களுக்கும் இடைப்பட்ட வருடங்களில் கட்டியவை. கதையில் இளைப்பாறிய கடற்படைத் தளபதி ஒருவர் கணப்புக்கு முன்னால் இருந்து கிழக்கு நாட்டுக் கதை அளக்கும்போது, அவர் ஒருவேளை எங்கள் ஊர்க் கரையில் நடந்தவராக இருக்கலாம். எனக்கு இந்தக் கதைகளை விட முடியவில்லை, அந்த வரிகளை மன்னிக்கவும் முடியவில்லை, இரண்டையும் வைத்துக்கொண்டுதான் படிக்கிறேன்.

அகதா கிறிஸ்டி ஒருமுறை தானே காணாமல் போனாராமே?
— மாணவன், லிங்கநகர்

ஆம் தம்பி. 1926 டிசம்பர் 3ஆம் திகதி இரவு வீட்டிலிருந்து காரில் கிளம்பினார். அடுத்த நாள் கார் மட்டும் கில்ட்பர்ட் ஊருக்குப் பக்கத்தில் கிடந்தது. பொலிசும் பொதுமக்களும் வயல்வெளியெல்லாம் தேடினார்கள், பத்திரிகைகள் கொண்டாடின. 14ஆம் திகதி வடக்கே ஹரகேட் நகரத்து ஹோட்டலில் கண்டுபிடித்தார்கள். அங்கே அவர் பதிந்திருந்த குடும்பப் பெயர், கணவர் விரும்பிய பெண்ணின் குடும்பப் பெயர். அதே வருடம்தான் தாயை இழந்திருந்தார். தன் சுயசரிதையில் அந்த நாட்களைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதாமல் விட்டதை நான் மதிக்கிறேன்.

அதே காலத்தில் தமிழில் இப்படி ஏதும் இருந்ததா?
— வாசகி, தம்பலகாமம்

துப்பறியும் நாவல் நிறைய இருந்தது. ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன், ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கிலத்திலிருந்து எடுத்துத் தமிழ்ப் பெயர் வைத்துத் தந்த நாவல்கள், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார், எல்லாம் எங்கள் பாட்டன் பாட்டி கை மாற்றிக் கை மாற்றிப் படித்தவை. ஆனால் அவற்றின் சுவை வேறு. மாறுவேடம், கடத்தல், போலி உயில், கோர்ட்டு, மடாதிபதியின் கள்ளத்தனம், பெண்ணைக் காப்பாற்றுவது. பத்துப் பேரை ஒரு வீட்டுக்குள் அடைத்து வைத்து, வாசகரோடு நேர்மையாகப் போட்டி போடும் கதை தமிழில் அப்போது வேரூன்றவில்லை. திருகோணமலைக்குத் தமிழ் நாவலில் பழைய உரிமை ஒன்று உண்டு என்பதை இங்கே சொல்லாமல் போக மனமில்லை: தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படும் 'மோகனாங்கி'யை 1895இல் எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை எங்கள் ஊர்க்காரர்.

நான் உயர்தரம் படிக்கிறேன். 1930களில் எங்கள் ஊரில் நடக்கும் நத்தார் கொலைக் கதை ஒன்று எழுத ஆசை. பனி இல்லாமல் எழுத முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?
— மாணவி, உப்புவெளி

தங்கச்சி, இந்தக் கடிதத்துக்காகவே மற்றவற்றைச் சுருக்கி எழுதினேன்.

பனி எதற்கு? வெளியில் இருந்து யாரும் வரக் கூடாது, உள்ளே இருப்பவர் போகக் கூடாது, அவ்வளவுதான். மார்கழியில் எங்களுக்கு வாடைக்காற்றும் மழையும் இருக்கிறது. வீட்டை மூதூரில் வை. அந்தக் காலத்தில் திருகோணமலையிலிருந்து மூதூருக்கு ஒன்றில் கொட்டியாரக் குடாவைக் கடலால் கடக்க வேண்டும், அல்லது தரை வழியில் ஆற்றுத் துறை ஒவ்வொன்றிலும் 'பாதை' என்ற மிதவைப் படகில் ஏற வேண்டும். குடா கொந்தளித்தால் படகு விட மாட்டார்கள். மகாவலி பெருகினால் பாதையைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். நத்தாருக்கு முதல் நாள் மத்தியானம் கடைசிப் படகில் ஒருவர் வந்து இறங்கட்டும், அவர் வருவார் என்று வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும். பிறகு மழை பிடிக்கட்டும். கொழும்பிலிருந்து பொடியன் வருவதற்கும் வழி உண்டு, 1927இல் திருகோணமலைக்கு ரயில் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் வந்து சேர இரண்டு நாள் ஆகும். அதுவரை பொறுப்பு ஊர்த் தலைவரான விதானையாரிடம். அவரையே துப்பறிகிறவராக்கு என்பது என் விருப்பம். ஊரில் யாருடைய காணிக்கு யார் வழக்கு வைத்தார், எந்தக் காணி உறுதியில் எந்த எல்லை பிழை என்று அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை.

மரண சாசனத்துக்கு எங்கள் நாட்டுச் சட்டமே உனக்கு ஒரு நல்ல முடிச்சைத் தருகிறது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்ட அலுவலர்) முன்னால் இரண்டு சாட்சிகளோடு சாசனம் எழுதலாம். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் வேண்டும். வெள்ளத்தில் நொத்தாரிசு வர முடியாது. கிழவருக்கு அன்றிரவே எழுத வேண்டும். அந்த வீட்டில் ஐந்து பேரை எப்படிச் சேர்ப்பார்? யாரைக் கூப்பிடவில்லை? கையெழுத்துப் போட்ட ஐந்து பேருக்கும் விஷயம் தெரிந்துவிடுமே!

தடயத்தையும் இங்கிருந்தே எடு. ஆங்கிலக் கதையில் புடிங் வரும், அதற்குள் காசு வைப்பார்கள், கிறிஸ்டி 1923இலேயே அந்தப் புடிங்குக்குள் ஒரு சிவப்புக் கல்லை வைத்து விளையாடிவிட்டார். நீ நத்தார் கேக்கை எடு. ரவையும் கஜுவும் பூசணி முரப்பாவும் பழமும் நறுக்கிப் பல நாள் ஊற வைத்து, வீட்டில் எல்லாரும் கை போட்டுக் கிளறி, கடதாசியில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்த கேக். எத்தனை துண்டு வெட்டினார்கள் என்று வீட்டுக்கார அம்மாவுக்குக் கணக்குத் தெரியும். ஒரு துண்டு குறைகிறது.

அதைவிட நல்லது நடுச்சாமப் பூசை. வீடே கோவிலுக்குப் போய்விடும், கிழவர் மட்டும் சுகமில்லை என்று படுத்திருப்பார். எல்லாருக்கும் சாட்சி இருக்கிறது, முழு ஊரும் அவர்களைக் கோவிலில் பார்த்தது. ஆனால் அந்தக் காலத்துப் பூசையை நினைத்துப் பார். லத்தீன் பூசை, நற்கருணை அப்பம் வாங்குகிறவர் நடுச்சாமத்திலிருந்து தண்ணீரும் குடிக்கக் கூடாது, பாரதூரமான பாவம் மனதில் இருந்தால் வாங்கவே கூடாது. ஒவ்வொரு ஞாயிறும் முதல் ஆளாக முழந்தாளிடுகிற ஒருவர் அன்றைக்கு எழும்பிப் போகவில்லை. அதை இரண்டாம் அத்தியாயத்தில், பாடகர் குழுவையும் மழையில் நனைந்த சேலைக் கரைகளையும் வர்ணிக்கிற வரிக்கு நடுவில், ஒரு அரை வசனத்தில் சொல்லிவிட்டுப் போ. வாசகர் கவனிக்க மாட்டார். சைவக்காரரான உன் விதானையாருக்கு அதன் அர்த்தம் உடனே தெரியாது, இருபதாவது அத்தியாயத்தில் கோவில் குருவான சுவாமியோடு சும்மா பேசிக்கொண்டிருக்கும்போது விளங்கும். பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சுவாமி சொல்லவே மாட்டார், அதை மட்டும் மீறாதே. வேத ஒழுக்கத்தைப் பொதுவாக விளக்குவார், அவ்வளவுதான். அது போதும்.

யாரைச் சாகடிப்பது என்று முதலில் முடிவெடு, யார் செய்தது, ஏன் என்று அடுத்தது. பிறகு பின்னாலிருந்து முன்னுக்கு எழுது. எழுதி முடித்தால் முதல் அத்தியாயத்தை எனக்கு அனுப்பு, விடையைச் சொல்லாமல்.

முதன்முதலாக ஒன்று படிக்க ஆசை. எதில் தொடங்கலாம்? ஆங்கிலம் சுமார்தான்.
— வாசகர், கன்னியா

அப்படியென்றால் நாவல் வேண்டாம், ஒரு சிறுகதையில் தொடங்குங்கள். கொனன் டொயில் 1892இல் எழுதிய ஷெர்லொக் ஹோம்ஸ் நத்தார் கதை, நீலக் கல்லைப் பற்றியது, காலத்தால் கொஞ்சம் முந்தியது ஆனாலும் ஒரே இருப்பில் படிக்கலாம், அதில் கொலையும் இல்லை. நத்தார் வாத்தின் தொண்டைப் பைக்குள் ஒரு இரத்தினக் கல் இருக்கிறது, எப்படி வந்தது என்பதுதான் கதை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், தமிழ் மொழிபெயர்ப்புகளும் உண்டு. அது பிடித்தால் 'ஹெர்குல் புவாரோஸ் கிறிஸ்மஸ்'. பக்கத்தில் ஒரு கடதாசி வைத்துக்கொண்டு ஆட்களின் பெயரையும் உறவையும் எழுதிக்கொள்ளுங்கள், லீ குடும்பத்தில் அண்ணன் தம்பிகள் பலர், இல்லாவிட்டால் நாற்பதாம் பக்கத்தில் குழம்பிவிடுவீர்கள்.